தூண்டில் சீட்டு வேண்டாதவர்கள்

எங்கள் கண்மாயில் தூண்டில் போட யார் சீட்டு வாங்க வேண்டும், யார் வாங்க வேண்டாம் என்று மிகை நீர் வழியும் கலுங்குச் சுவரில் ஒரு தகரப் பலகை மாட்டியிருக்கிறது. அதன் வாசகங்களை எழுதிக் கொடுத்தவன் நான். அதில் முதலில் இருந்த தவறும் என்னுடையதுதான். எழுதியது தை பதினெட்டு, வெள்ளிக்கிழமை. திருத்தியது மாசி ஆறு, செவ்வாய்க்கிழமை. இடைப்பட்ட பதினெட்டு நாட்களில் ஒரு மனிதர் தம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இந்த ஊரை விட்டே போய்விடுவதாக இருந்தார்.

நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் கழித்துக் கட்டிய ஓர் அளவுக் குடுவையை வாங்கி வந்து மொட்டை மாடியில் வைத்து மழையை அளக்கிறேன். மழை அளவோடு அன்றன்று ஊரில் நடந்ததையும் இரண்டு மூன்று வரி எழுதி வைக்கும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு நோட்டு. ஊரில் சண்டை வந்தால் அது எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்க என்னிடம் வருவார்கள். யார் பக்கம் நியாயம் என்று கேட்க வேறு ஆளிடம் போவார்கள். அந்த ஏற்பாடு எனக்கு வசதியாகவே இருந்தது.

எங்கள் ஊர் பசுவந்தனைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் காடு. உளுந்து, பாசி, மிளகாய், மக்காச்சோளம் எல்லாம் மழையை நம்பித்தான். கண்மாய்த் தண்ணீர் கரைக்குக் கீழே இருக்கும் ஏழு கிணறுகளுக்கு ஊறும், ஆடு மாடு குடிக்கும், அவ்வளவுதான். அது நிறைவதே அபூர்வம் என்பதால் மீனைப் பற்றி யாரும் பெரிதாக நினைத்ததில்லை. இந்த முறை ஐப்பசி இருபத்து நான்காம் தேதி கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே மீன்பாசிக் குத்தகை, அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, ஏலம் போய்விட்டது. எடுத்தவர் கோவில்பட்டியில் கோழிக்கடை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். பேச்சில் அவசரம் உண்டு, மோசம் கிடையாது. கட்லா, ரோகு குஞ்சுகளை டிரம்மில் கொண்டுவந்து விட்டார்.

தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரீல் வைத்த தூண்டில், மடக்கு நாற்காலி, தொப்பி, போனை நிறுத்தி வைக்க ஒரு முக்காலி. மீனை விற்கவோ வீட்டுக்குக் கறியாக்கவோ வந்தவர்கள் இல்லை. பொழுதுபோக்கு. அவர்களில் ஒருவர் கட்லாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்த வீடியோவில் எங்கள் ஊருக்கு வழியும் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு கரையில் பதினேழு பைக் நின்றது. எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

குத்தகைக்காரர் என் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை செய்யணும். தூண்டில் போட வாரவியளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சீட்டுன்னு வைக்கப் போறேன். டவுன்காரவிய குடுத்துருவாவ. உள்ளூர்ல யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்னுதான் குழப்பமா இருக்கு. எல்லாருக்கும் ஓசின்னா, இங்கன உள்ளவன் பேரைச் சொல்லிக்கிட்டு ஒம்பது பேரு வந்து உக்காந்திருவான். யாருக்கும் கிடையாதுன்னா ஊரு சண்டைக்கு வரும். நாலு வரி நீங்க எழுதித் தாங்க. போர்டுல போட்டுருதேன்."

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் உண்டு. என் தங்கை மகன் வெளிநாட்டில் இருக்கிறான். போன மார்கழியில் ஓர் ஏரிக்கரையில் மீனோடு நிற்கும் படம் அனுப்பியிருந்தான். கூடவே மீன்பிடி உரிமத்தின் படம் ஒன்று. அங்கே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடவும் அரசாங்கத்திடம் உரிமம் வாங்க வேண்டுமாம். யார் யாருக்கு விலக்கு என்று கேட்டேன். ஓர் இணையப் பக்கத்தை அனுப்பினான். சிறுவர்களுக்கு வேண்டாம், முதியவர்களுக்கு வேண்டாம், உடல் ஊனமுற்றவர்களுக்கு வேண்டாம், தன் சொந்த நிலத்துக் குளத்தில் தானே பிடிப்பவருக்கு வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று காட்ட வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. மூன்று முறை படித்தேன். அவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட எதையும் மூன்று முறை படிக்கிற ஆள் நான்.

அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். தூண்டில் போடுவோர் அனைவரும் சீட்டு வாங்க வேண்டும். விலக்கு நான்கு வகையினருக்கு. ஆயக்கட்டில், அதாவது கண்மாயை நம்பிய பரப்பில், நிலமோ கிணறோ உள்ளவர்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். மாற்றுத் திறனாளிகள். அறுபது வயது நிறைந்தவர்கள். கடைசி வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, ஆதார் அட்டை காட்ட வேண்டும் என்று சேர்த்தேன். அந்த அடைப்புக்குறியில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பட்டியலின்படி எனக்கே விலக்கு உண்டு. தூண்டில் முள்ளில் புழுவைக் கோக்கக்கூட எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை பலகை எழுதி மாட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கரைக்குப் போனேன்.

மேல்மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடக்கிறது. மதியம் ஆடுகள் வேலிக்கருவை நிழலில் படுத்து அசைபோடும் நேரத்தில் அந்தக் கல்லில் ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். மூங்கில் கம்பு, தக்கைக்கு மயில் இறகின் தண்டு. எங்கள் ஊர்ச் செம்மறிக் கிடைக்கு மூத்தவர் அவர். கிடை என்றால் மூன்று வீட்டு ஆடுகளையும் ஒன்றாகச் சேர்த்து வலைக்குள் அடைத்து, காடு காடாக மாற்றிப் போடுவது. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நானும் அவரும் வேறு வேறு சாதி. ஆனால் என் அப்பாவை அவர் மச்சான் என்று அழைத்தவர். அதனால் எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மருமகன்.

அன்று ஆடுகளை இளையவர்களிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டார். அட்டை காட்ட வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதால் அவரும் அவர் தம்பியும் ஆதாரைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தம்பி மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்; பள்ளியில் எழுதிய பிறந்த தேதியே அவர் அட்டையிலும் இருந்தது. குத்தகைக்காரர் அவருடைய அட்டையை முதலில் வாங்கினார்.

"அறுபத்திரண்டு முடிஞ்சிருக்கு. நீங்க போடலாம் பாட்டையா."

பிறகு அண்ணன் அட்டை. குத்தகைக்காரர் அதை ஒருமுறை பார்த்தார். வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார்.

"பாட்டையா, உங்களுக்கு அம்பத்து மூணுதான ஆகுது?"

நான் எட்டிப் பார்த்தேன். பிறந்த தேதி இல்லை. ஆண்டு மட்டும் இருந்தது. கழித்துப் பார்த்தால் ஐம்பத்து மூன்றுதான்.

கரையில் இருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஏலே, தம்பி அண்ணனாயிட்டாருலே!"

"இளந்தாரி, சீட்டு வாங்கிட்டு உக்காரும். இன்னும் ஏழு வருசம் போனா ஓசியில போடலாம்."

தம்பிக்கும் குஷி வந்துவிட்டது. கல்லில் போய் உட்கார்ந்துகொண்டு, "ஏலே தம்பி, இங்கன வா. அண்ணனுக்கு ஒரு மண்புழு கோத்துக் குடு" என்றார்.

மாமாவும் சிரித்தார். பல் குறைந்த வாயால் நன்றாகவே சிரித்தார். பிறகு குத்தகைக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீரு என்னைப் பாட்டையான்னு கூப்பிடுதீரு. வயசு பத்தலைன்னும் சொல்லுதீரு. ரெண்டுல ஒண்ணச் சொல்லும் வே."

குத்தகைக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "நான் என்ன செய்ய? அண்ணாச்சிதான எழுதுனாவ" என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். தூண்டில் நரம்பைக் கம்பில் சுற்றினார், முள்ளைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார், கரையை விட்டு இறங்கிப் போனார். அன்று மதியமும் கல் காலி. மறுநாளும் காலி. தம்பிக்கும் அங்கே உட்காரக் கூச்சமாகிவிட்டது.

புதன்கிழமை குத்தகைக்காரரைப் பார்த்தபோது அவரே பேச்சை எடுத்தார். "அந்தப் பாட்டையாவை வரச் சொல்லுங்க அண்ணாச்சி. அவரு ஒருத்தரு போடுதாருன்னா நான் கண்டுக்கிடப் போறதில்ல" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இருந்தாலும் விதியை எழுதியவனே விதிக்கு வெளியே ஒருவரை நுழைக்க உடந்தையாவது எப்படி என்று ஓர் உறுத்தல். அட்டையையே திருத்திவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று தோன்றியது. நோட்டுகளையும் அப்பா எழுதி வைத்த பழைய தாள்களையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா முதன்முதலாகத் தனி ஆளாகக் கிடைக்குப் போன கோடையில்தான் என் தங்கை பிறந்தாள். அப்போது அவருக்குப் பத்து வயது என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். தங்கை பிறந்த தேதி அப்பா கையெழுத்தில் இருக்கிறது. ஆக மாமாவுக்கு இப்போது அறுபத்தொன்பது.

இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் மகிழ்வார் என்று நம்பினேன். அதுதான் இரண்டாவது தவறு.

கிடை அப்போது உளுந்து பிடுங்கிய ஒரு காட்டில் இருந்தது. மாமா வலை அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மாமி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்திருந்தார். நான் உட்கார்ந்து, அட்டையில் வயது எப்படிக் குறைந்தது என்று கேட்டேன்.

"ஆட்டை விட்டுட்டு அந்த ஆதார் முகாமுக்கு ஓடுனேன். கம்ப்யூட்டர்ல இருந்த பிள்ளை வயசு என்னன்னு கேட்டுச்சு. நாப்பது இருக்கும்னேன். நாப்பதைத் தாண்டுனா எல்லாம் நாப்பதுதான மருமவனே?"

"எனக்கு மட்டும் சரியாச் சொன்னாவளாக்கும்" என்றார் மாமி. "என் அட்டையில அறுபத்தஞ்சு. இவிய என்னைவிடப் பன்னெண்டு வருசம் இளசு. இந்த லட்சணத்துல நான் சோறு சொமக்குதேன்."

நான் என் கணக்கைச் சொன்னேன். அறுபத்தொன்பது. ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், ஊராட்சியில் ஒரு கையெழுத்து வாங்கினால் திருத்திவிடலாம், அதுவரை குத்தகைக்காரர் கண்டுகொள்ள மாட்டார் என்றேன்.

மாமா முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் பேசினார்.

"கண்டுக்கிடாம விட நான் என்ன களவாணியா?"

"அப்படிச் சொல்லலை மாமா."

"கெழவன், பாவம், போட்டுட்டுப் போறான்னு எழுதி வாங்கிட்டுத்தான் நான் அந்தக் கல்லுல உக்காரணுமா? எனக்கு வயசு எம்புட்டுன்னு எவன் கேட்டான்? அந்த மீனு என்னத்தைத் தின்னு வளருதுன்னு கேக்கணும்லா."

எனக்கு விளங்கவில்லை. அவர் கையை நீட்டிக் கண்மாய்ப் பக்கம் காட்டினார்.

"சித்திரையில காட்டை எல்லாம் உழுது போட்டுருவான். அப்புறம் கிடையை எவன் கூப்பிடுதான்? அன்னையிலருந்து ஆனி வரைக்கும் கிடை எங்கன கெடக்கு? கண்மாய்க்குள்ள. அம்புட்டு ஆட்டுப் புழுக்கையும் எங்கன போகுது? காத்துல பறக்குதா? தண்ணி வந்ததும் ஊறுது, பச்சை பிடிக்குது, மீனு திங்குது. காட்டுக்காரனுக்குக் கிடை போட்டா கைநீட்டி வாங்கிக்கிடுதோம். கண்மாய்கிட்ட என்னைக்காவது வாங்குனோமா? ஒரு தூண்டில் போட்டோம். அவ்வளவுதான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"உங்க போர்டுல அதுக்கு வரி ஏது? நெலம் வச்சிருந்தா ஒரு வரி. நொண்டிக்கு ஒரு வரி. கெழவனுக்கு ஒரு வரி. ஆடு வச்சிருக்கவன் எதுல வாரான்?"

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். புதூர் பக்கம் மாமியின் அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். அங்கேயும் கண்மாய் உண்டு, கோடைக்கு மேய்ச்சலும் உண்டு. பங்குனி அறுப்பு முடிந்ததும் கிடையை அங்கே ஓட்டிப் போய்விடுவதாக மூன்று வீட்டாரும் பேசி வைத்திருக்கிறார்கள். போனால் திரும்புவதாக இல்லை.

மாமி வாளியை மூடியபடி, "எங்க அண்ணன் வீட்டுல இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்னு இவிய நெனைக்காவ. எங்க மயினியைத் தெரியாது இவியளுக்கு" என்றார். மாமா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஐந்து ஆண்டு நோட்டுகளையும் எடுத்து அடுக்கினேன். தேடும் வேலையே இருக்கவில்லை. சித்திரைப் பக்கங்களைத் திருப்பினால் ஒவ்வொரு நோட்டிலும் அது இருந்தது. "சித்திரை 14. கண்மாய் உள்வாயில் கிடை இறங்கியது." "ஆனி 3. கிடை ஏறியது. சாரல்." ஓர் ஆண்டு ஐம்பத்திரண்டு நாள். ஓர் ஆண்டு, கோடை மழை வந்து கெடுத்ததால், இருபத்தேழு நாள். ஓர் ஆண்டு கிடைக்குள் நரி புகுந்ததைக்கூட எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து, என் மை. அதை வைத்துக்கொண்டுதான் வெளிநாட்டு ஏரிக்கரையின் விலக்குப் பட்டியலைப் பார்த்து எங்கள் கண்மாய்க்கு விதி எழுதியிருக்கிறேன். அந்த ஊரில் அந்தப் பட்டியல் சரியாகத்தான் இருக்கும். அங்கே ஏரி கோடையில் வற்றி ஆடு அடையும் இடமாவதில்லை.

மறுநாள் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். கோழிக்கடையில் கூட்டம் ஓயும்வரை ஓரமாக நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் குத்தகைக்காரர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, புழுக்கைக்கு விலக்குக் குடுத்தா நாளைக்கு எருமையைக் குளிப்பாட்டுனவன் வந்து நிப்பான். நானும் சாணி போட்டேம்பான்."

"எருமை தண்ணி இருக்கும்போது வந்துட்டுப் போகுது. கிடை அம்பது நாள் அங்கனயே கெடக்கு. தேதி வச்சிருக்கேன்."

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் தேதிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். நரி புகுந்த வரியில் நின்று, "இதையெல்லாமா எழுதுவீங்க?" என்றார். பிறகு நோட்டை மூடி என்னிடம் தந்தார்.

"இன்னொரு கண்மாயும் எடுத்திருக்கேன், தெரியும்லா? அங்கன ஐப்பசியில ஆறு டிராக்டர் மாட்டுச் சாணி வாங்கிக் கொட்டுனேன். ஒரே நாள்ல, ஒரே டிரம்முல கொண்டுபோன குஞ்சுதான் ரெண்டுலயும் விட்டது. போன வாரம் சும்மா ஒரு வலை வீசிப் பாத்தோம். உங்க ஊருல மீனு அரைக் கிலோவைத் தாண்டிருச்சு. அங்கன இன்னும் காக்கிலோவுலயே நிக்கி. தண்ணி ராசின்னு நெனச்சேன்." கையைத் துண்டில் துடைத்தார். "உங்க ஊருக்கு நான் ஒரு கூடை சாணி கொண்டாரல அண்ணாச்சி."

கிடை புதூருக்குப் போகவிருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். அவர் குத்தகை இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது.

"அப்படில்லாம் போக விட்டுராதீங்க" என்றார் உடனே. பிறகு வியாபாரி குரலுக்கு வந்தார். மூன்று வீட்டுக்கும் சீட்டு வேண்டாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தூண்டில்தான். கெண்டை, கெளுத்தி, குரவை, ஜிலேபி எது விழுந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் விட்ட கட்லாவும் ரோகுவும் விழுந்தால் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். இதற்கு மேல் இறங்கமாட்டேன் என்றார். நானும் ஒன்று கேட்டேன். ஆதார் அடைப்புக்குறியை அழித்துவிட வேண்டும். அறுபது தாண்டியவர் யார் என்று பார்த்தால் தெரியாதா? அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

மாசி ஆறாம் தேதி பெயிண்டர் வந்தார். அடைப்புக்குறியின் மேல் பச்சை பூசினார். அடியில் இடம் இருந்ததால் ஐந்தாவது வரியாக, "கோடையில் கண்மாய்க்குள் கிடை இறக்கும் வீட்டார்" என்று எழுதினார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு நேரத்தில் ஒரு தூண்டில் என்பதும் கட்லா, ரோகு விவரமும். பெயிண்ட் காய்வதற்குள் மாமா வந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

அவருக்குப் படிக்கத் தெரியாது. "வாசி மருமவனே" என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"எத்தனாவது வரி?"

"அஞ்சாவது."

"நொண்டிக்கும் கெழவனுக்கும் அப்புறமா?"

"கீழதான் மாமா இடம் இருந்துச்சு."

"நெலத்துக்காரனுக்கு அடுத்தாப்புல போட்டா என்ன? பெயிண்டு தீந்துபோச்சா?" பெயிண்டர் பக்கம் திரும்பினார். "என்ன வே?"

பெயிண்டர் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். மாமா பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது வரியின் நீளத்தை மற்ற வரிகளோடு ஒப்பிடுகிற மாதிரி இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் நீளம். பிறகு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். ஊரில் இருக்கிறேன் என்றோ புதூருக்குப் போகிறேன் என்றோ அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் துணிவில்லை.

இரண்டு நாள் கழித்து மதியம் கல்லில் உட்கார்ந்திருந்தார். தம்பி கரையில் நின்று, "அண்ணே, எனக்கு ரெண்டு வரி இருக்கு. கெழவன் கணக்குல ஒண்ணு, கிடை கணக்குல ஒண்ணு. உனக்கு ஒண்ணுதான்" என்று சீண்டினார். மாமா தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு நேரத்துல ஒரு தூண்டில்னு போட்டிருக்கு. அங்கன நின்னு வேடிக்கை பாரு" என்றார்.

மாசி கடைசியில் ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தக்கை ஒரேயடியாக உள்ளே போனது. கம்பு வளைந்தது. மேலே வந்தது கட்லா. முழங்கை நீளம் இருக்கும். கரையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மாமா அதை மடியில் போட்டு, வாயில் மாட்டிய முள்ளை மெதுவாகத் திருகி எடுத்தார். வயிற்றைத் தடவி, "தின்னுட்டு எப்படிக் கொழுத்திருக்கு பாரு" என்று வைதார். அப்புறம் மடைப் படியில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, அது வாலை அசைத்ததும் விட்டார். வந்து உட்கார்ந்து வேறு புழுவைக் கோத்தார்.

பங்குனியில் தண்ணீர் சுருங்கியது. குத்தகைக்காரர் ஆள் வைத்து வலை இழுத்து மீனை ஏற்றிப் போனார். கண்மாய் நடுவில் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கலங்கல் மிஞ்சியது. உளுந்துக் காடுகளில் கிடைக்கு அழைப்பு முடிந்தது. உழவு தொடங்கியது. புதூர் பேச்சு என்னவாயிற்று என்று மாமியிடம்தான் கேட்டேன். "எங்க அண்ணன் ரெண்டு தடவை போன் போட்டாவ. இவிய எடுக்கல. நானும் எடுக்கல" என்றார்.

சித்திரை பத்தாம் தேதி காலை கண்மாய்க்குள் குத்தகைக்காரர் பைக் நின்றது. அவரும் மாமாவும் தண்ணீர் வற்றிய உள்வாயில் நடந்துகொண்டிருந்தார்கள். நானும் இறங்கிப் போனேன். குத்தகைக்காரர் பள்ளத்தை ஒட்டின இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கனதான் பாட்டையா தண்ணி முதல்ல வந்து நிக்கும், கடைசியில வத்தும். கிடையை இங்கன போட்டீங்கன்னா மீனுக்கு நல்லா இருக்கும்."

மாமா குதிகாலால் மண்ணை அழுத்தினார். மேலே பாளம் பாளமாக வெடித்திருந்த கரிசல், அடியில் இன்னும் வெண்ணெயாக இருந்தது. கால் கணுவரை இறங்கியது.

"மீனுக்கு நல்லா இருக்கும். ஆட்டுக்கு? இந்தச் சகதியில நாலு நாள் நின்னா கொளம்பு அழுகிப்போகும்."

"அப்ப எங்கன போடப் போறீங்க?"

"கரையோரம். காயக் காய மூணு நாளைக்கு ஒருக்க உள்ள நகத்திக்கிட்டே வருவேன்."

"பள்ளத்துக்கு எப்ப வருவீங்க?"

"மண்ணு காயுத அன்னைக்கு."

"வைகாசிக்குள்ள வந்திருமா?"

"வெயிலைக் கேளும். நான் என்ன பஸ்ஸா, நேரம் சொல்ல?"

குத்தகைக்காரர் இடுப்பில் கைவைத்துப் பள்ளத்தையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மனமில்லை. அதற்குள் தம்பியும் மற்றவர்களும் கரை வழியாக ஆடுகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். புழுதியும் சத்தமுமாக முதல் வரிசை சரிவில் வந்துகொண்டிருந்தது. மாமா வலையின் ஒரு தலைப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சும்மா நிக்காதிரும். இதைப் பிடிச்சுக்கிட்டு அந்தா, அந்தக் கருவை வரைக்கும் நடந்து போம்."

குத்தகைக்காரர் செருப்பைக் கழற்றிப் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வலையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.